ஐம்பது நாள், ஒரு வீடு: பாஸ்கா காலத்தைச் செயலில் வாழ ஒரு வழிகாட்டி

தவக்காலத்தை எப்படி நடத்துவது என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பல் புதன் அன்றே எல்லாம் முடிவாகிவிடும். வெள்ளிக்கிழமை கறி கிடையாது, சாயங்காலம் சிலுவைப்பாதை, அலமாரி மேல் தவக்கால உண்டியல், அப்பாவுக்கு வெற்றிலை இல்லை, பிள்ளைகளுக்குச் சாக்லேட் இல்லை. நாற்பது நாளும் ஒரு ஒழுங்கு இருக்கும். அப்புறம் ஈஸ்டர் இரவு. இருட்டில், உயிர்த்த ஆண்டவரைக் குறிக்கும் பெரிய மெழுகுதிரியான பாஸ்காத் திரி உள்ளே வரும், கையிலிருக்கும் மெழுகுதிரிகள் ஒவ்வொன்றாகப் பற்றும், அத்தனை நாள் வாயில் வராத அல்லேலூயா வரும். ஞாயிறு மதியம் பிரியாணி. திங்கட்கிழமை காலையில் எல்லாம் பழையபடி.

திருச்சபையின் கணக்கு வேறு. தவத்துக்கு 40 நாள் கொடுத்த அது, பாஸ்கா மகிழ்ச்சிக்கு 50 நாள் கொடுத்திருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி தூய ஆவியார் பெருவிழா வரை அந்தத் திரி பீடத்தருகே எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஐம்பது நாளும் ஒரே ஞாயிறு போல என்று ஆதிச் சபையிலிருந்தே சொல்லி வருகிறார்கள். நாமோ நாற்பதை அக்கறையாக நடத்திவிட்டு ஐம்பதைக் கைவிட்டுவிடுகிறோம். இந்த வழிகாட்டி அந்த ஐம்பது நாளுக்கானது.

இந்த நாட்களில் ஆண்டவர் என்ன செய்தார் என்று பாருங்கள். திரும்பத் திரும்ப வந்தார். வாரத்தின் முதல் நாள் மாலையில், பூட்டிய கதவுக்குள் வந்தார். அன்று சீடர்களில் தோமா மட்டும் அங்கே இல்லை. எட்டு நாள் கழித்து, அதே வீட்டுக்கு, பெரும்பாலும் அந்த ஒருவருக்காகவே மறுபடி வந்தார். பிறகு ஒரு விடியற்காலையில் திபேரியக் கடல் ஓரத்தில் வந்து நின்றார். நாற்பது நாள் இப்படித் தோன்றிக்கொண்டே இருந்தார் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். உயிர்ப்பை நம்புகிறவர் செய்ய வேண்டியதையும் நான் இதிலிருந்துதான் எடுக்கிறேன்: ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள், திரும்பத் திரும்ப அங்கே போங்கள்.

ஈஸ்டர் அன்று நூறு பேருக்கு உணவுப் பொட்டலம் கொடுப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்று சாப்பிட்டவரின் பசி அன்று தீர்ந்தது உண்மை. ஆனால் பொட்டலம் வாங்கிய கைக்குரியவரின் பெயர் நமக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவர் என்ன சாப்பிட்டார் என்றும் தெரியாது. ஏழு வாரம் ஒரே வீட்டுக்குப் போனால் இரண்டும் தெரிந்துவிடும்.

முதலில் நாளையும் கிழமையையும் குறியுங்கள்

வீட்டு நாட்காட்டியில் உயிர்ப்பு ஞாயிறையும் தூய ஆவியார் பெருவிழாவையும் வட்டமிடுங்கள். நடுவில் ஏழு வாரம். வாரத்தில் ஒரு கிழமை, ஒரு நேரம் என்று முடிவு செய்யுங்கள். செவ்வாய் மாலை ஐந்தரை என்றால் ஏழு செவ்வாயும் ஐந்தரைதான். ‘நேரம் கிடைக்கும்போது போகலாம்’ என்று விட்டால் இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிடும். ஏப்ரல், மே மாதம் என்பதால் மதிய வெயிலைத் தவிர்த்து அதிகாலை அல்லது மாலை வைத்துக்கொள்ளுங்கள்.

தவக்கால உண்டியலைப் பங்கில் ஒப்படைத்த அன்றே இன்னொரு டப்பாவை அதே இடத்தில் வையுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். தவக்காலத்தில் தவிர்த்ததால் மிச்சமான காசு உண்டியலில் விழுந்தது. இப்போது வேறு மாதிரி: வீட்டில் எதற்காவது சந்தோஷப்பட்டால் அதில் ஒரு பங்கு டப்பாவுக்கு. பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வாங்கினால் பத்தில் ஒன்று. மாமா ஊரிலிருந்து வந்து கையில் காசு கொடுத்தால் அதிலும் கொஞ்சம். பிள்ளைகள் இதை நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

யார் வரவில்லை என்று கேளுங்கள்

வீட்டைக் கண்டுபிடிப்பது முதல் வாரத்தின் வேலை. பாஸ்கா எண்கிழமை, அதாவது உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாள், முழுக்க இதற்கே கொடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஈஸ்டர் பூசைக்கு யார் வரவில்லை?

பங்குத்தந்தையிடம் கேட்கலாம். ஆனால் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எந்த அம்மாவின் இடம் மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது, யார் முழங்கால் போட முடியாமல் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். அன்பியம் எனும் பக்கத்து வீட்டுக் குடும்பங்களின் செபக் குழுவின் பொறுப்பாளர், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி அக்கா, ரேஷன் கடைக்காரர் எல்லோரும் ஒவ்வொரு வீட்டைச் சொல்வார்கள். தேர்ந்தெடுக்கும் வீடு கிறிஸ்தவ வீடாக இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் அரசர் பசியையும் தாகத்தையும் ஆடையின்மையையும் பற்றிக் கேட்கிறார். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை. அதே சமயம், வேறு சமயத்தவர் வீட்டுக்குப் போகும்போது உதவியைச் சாக்காக வைத்துப் பிரசங்கம் செய்யாதீர்கள். அவர்களாகக் கேட்டால் பேசுங்கள்.

இரண்டாம் ஞாயிறு இறை இரக்க ஞாயிறு. இரண்டாம் ஜான் பால் 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று புனித பவுஸ்தினாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அறிவித்த நாள். தோமாவின் நற்செய்தி வாசிக்கப்படுவதும் அன்றுதான். அந்த ஞாயிறுக்குள் வீடு முடிவாகியிருக்கட்டும்.

இருவராகப் போங்கள், வெறுங்கையோடு போங்கள்

முதல் சந்திப்பைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதில்தான் தவறினேன்.

பல வருடங்களுக்கு முன் எங்கள் இளைஞர் குழுவில் எட்டுப் பேராக ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போனோம். அரிசி மூட்டை, பழம், புடவை எல்லாம் இருந்தது. வீடு என்பது ஒரே அறை. எட்டுப் பேர் உள்ளே நிற்க இடமில்லை. புடவையைக் கையில் கொடுக்கும்போது ஒருவன் போட்டோ எடுத்தான். பாட்டி சட்டென்று முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான்தான் அந்தப் புடவையை நீட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்த பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் படம் பங்கு அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் இருந்தது. பாட்டி அந்த ஒரு மாதமும் கோயிலுக்கு வரவில்லை.

ஆகவே இருவர் போதும். ஒருவர் தனியாகப் போவதும் சரியில்லை. தனியாக இருக்கும் முதியவருக்கும் பெண்களுக்கும் அது சங்கடம், பிறகு பேச்சுக்கும் இடம் கொடுக்கும். கணவன் மனைவியாகப் போவது மிக நல்லது. தாயும் மகளும் போகலாம். போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

இந்த ‘இருவர்’ முறை நான் கண்டுபிடித்ததல்ல. ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையினர் உலகம் முழுக்க இப்படித்தான் வீடு சந்திக்கிறார்கள். அந்தச் சபை பிறந்ததே ஒரு பாஸ்கா காலத்தில். 1833ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 7. பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 23 அன்று, பாரிஸில் சில கல்லூரி மாணவர்கள் கூடினார்கள். அவர்களில் பிரெடெரிக் ஓசானாமுக்கு அன்று சரியாக இருபது வயது நிறைந்தது. விவாத மேடையில் அவர்களைப் பார்த்து, உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் என்னவெல்லாமோ செய்தது, இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று கேட்டிருந்தார்கள். கேட்டது சுட்டது. பதில் பேச்சு தயாரிக்காமல், தங்களிடம் மிச்சமிருந்த விறகை எடுத்துக்கொண்டு ஓசானாமும் ஒரு நண்பரும் ஓர் ஏழை வீட்டுக்குப் போனதாகச் சொல்வார்கள். எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் அந்தப் பகுதி ஏழைகளை நன்கு அறிந்திருந்த அருள்சகோதரி ரோசலி ராந்துவிடம் கற்றுக்கொண்டார்கள். உங்கள் பங்கிலும் இந்தச் சபை இருக்கக்கூடும். ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது.

சரி, முதல் நாள் போய் என்ன செய்வது? கேளுங்கள். எம்மாவு ஊருக்கு நடந்துபோன இரண்டு சீடர்களோடு வழியில் சேர்ந்துகொண்ட உயிர்த்த ஆண்டவர் முதலில் செய்தது அதுதான். எல்லாம் தெரிந்தவர், ஒன்றும் தெரியாதவர் போல, வழிநெடுக என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் முகவாட்டத்தோடு நின்றுவிட்டார்கள். முழுக் கதையையும் சொல்லவிட்ட பிறகுதான் அவர் பேசினார். நீங்களும் ஒரு மணி நேரம் கேளுங்கள். ஊர் எது, எப்போது இங்கே வந்தீர்கள், பிள்ளைகள் எங்கே, ராத்திரி தூக்கம் வருகிறதா, மருந்து எங்கே வாங்குகிறீர்கள். காபி கொடுத்தால் குடியுங்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு டம்ளர் காபியில்தான் அவர்கள் உங்களுக்குச் சமமாகிறார்கள். கிளம்பும்போது ‘அடுத்த செவ்வாய் வர்றோம்மா’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன செவ்வாய் போய் நில்லுங்கள்.

மூன்றாம் வாரம்: கரையில் ஒரு காலைச் சாப்பாடு

யோவான் 21ஆம் அதிகாரத்தைக் கடற்கரையில் பிறந்தவர்கள் படித்தால் வேறு மாதிரி இருக்கும். ராத்திரி முழுக்கப் பாடுபட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது எங்களுக்கு உவமை இல்லை, வீட்டுக் கணக்கு. விடியும்போது கரையில் ஒருவர் நிற்கிறார். கரித்தீ மூட்டி, மீன் வைத்து, பக்கத்தில் அப்பம். ‘உணவருந்த வாருங்கள்’ என்கிறார். 153 மீன் வலைக்குள் வந்திருக்கிறது, ஆனால் அவர் அதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். கல்லறையை வென்றவர் அன்று காலை செய்த வேலை சமையல்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. பாஸ்கா காலமும் தடைக்காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஓடுகின்றன. பதிவு செய்த மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. ஆனால் படகை நம்பிப் பிழைக்கும் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள்: ஐஸ் கம்பெனியில் கட்டி உடைப்பவர், ஏலக்கூடத்தில் சுமை தூக்குபவர், கூடையில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் அம்மா. படகு நின்றால் இவர்கள் கூலியும் நிற்கும். கடலோரப் பங்குகளில் இருப்பவர்கள் தங்கள் வீட்டைத் தேடும்போது முதலில் இந்த வரிசையில் பாருங்கள். உள்நாட்டில் இருப்பவர்களுக்கு இதே மாதங்களில் செங்கல் சூளை, கட்டட வேலை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன.

மளிகை வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் அரிசி மூட்டையோடு போகாதீர்கள். அரிசி அட்டை இருந்தால் ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. நாமும் கொண்டுபோனால் மூலையில் வண்டு பிடிக்கும். வீட்டில் உண்மையில் தீர்ந்துபோவது துவரம் பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், டீத்தூள், சர்க்கரை, குளியல் சோப்பு, துணி சோப்பு. கேஸ் சிலிண்டர் பெரிய செலவு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், ஆனால் அங்கே போய்வர ஆட்டோ காசு இல்லாததால் மாத்திரையை விட்டவர்கள் நிறைய. அந்த ஆட்டோ காசைக் கொடுங்கள், முடிந்தால் உங்கள் வண்டியில் கூட்டிப்போங்கள். வீட்டில் வளர்ந்த பெண் பிள்ளைகள் இருந்தால் நாப்கின் வாங்குங்கள். அதை உங்கள் வீட்டுப் பெண்கள் கையால் கொடுக்கட்டும்.

ஒரு நாளாவது அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். நீங்கள் சமைத்துக் கொண்டுபோகலாம், அவர்கள் சமைத்தால் இன்னும் நல்லது. எம்மாவுச் சீடர்களுக்குக் கண் திறந்தது வழியில் கேட்ட வேத விளக்கத்தில் இல்லை, அப்பத்தைப் பிட்டபோதுதான்.

கையில் இருக்கும் திறமை

யோப்பா ஊரில் தபித்தா என்று ஒரு சீடர் இருந்தார். கிரேக்கத்தில் தொற்கா. அவர் இறந்தபோது பேதுரு வந்தார். கைம்பெண்கள் அழுதுகொண்டே, தொற்கா தைத்துக் கொடுத்த அங்கிகளையும் மேலாடைகளையும் அவரிடம் எடுத்துக் காட்டினார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். அவருடைய பேச்சு ஒரு வரிகூட விவிலியத்தில் இல்லை, தைத்த துணிகள் மட்டும் இருக்கின்றன. பாஸ்கா காலத்தில்தான் இது திருப்பலியில் வாசிக்கப்படுகிறது.

உங்களுக்குத் தையல் தெரிந்தால் ஜூனில் பள்ளி திறக்குமுன் அந்த வீட்டுப் பிள்ளைகளின் சீருடையைப் பிரித்துத் தைத்துக் கொடுங்கள். எலெக்ட்ரீஷியன் என்றால் மழைக்கு முன் அந்த வீட்டு ஒயரிங்கைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தாலே பெரிய திறமைதான். முதியோர் உதவித்தொகைக்கும் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கும் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத வீடுகள் எல்லாத் தெருவிலும் உண்டு. இ-சேவை மையத்தில் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்தால் வேலை நடக்கும். விரல் ரேகை விழாமல் ரேஷன் கடையிலிருந்து திரும்பி வரும் முதியவரைப் பார்த்தால், வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரச் சான்று முறை இருப்பதைச் சொல்லி, அதற்கு விண்ணப்பித்துக் கொடுங்கள். இதெல்லாம் பக்தி மாதிரித் தெரியாது. வரிசையில் நிற்கும்போது கால் வலிக்கும். அந்த வரிசையை இந்தப் பாஸ்காவின் சிலுவைப்பாதையாக வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

மே 1 தொழிலாளரான புனித சூசையப்பர் விழா. பன்னிரண்டாம் பயஸ் 1955இல் ஏற்படுத்தியது. அன்று வெளியே போக வேண்டாம், உங்கள் வீட்டையே பாருங்கள். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை உண்டா? கடைசியாகச் சம்பளம் கூட்டியது எப்போது? உடம்பு சரியில்லாமல் வராத நாளுக்குப் பிடித்தம் செய்கிறீர்களா? பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினார். வெளியில் ஒரு வீட்டைத் தத்தெடுத்துக்கொண்டு, உள்ளே வந்து போகிறவரை இப்படி நடத்தினால் நாம் செய்வது எதுவும் நிற்காது.

தேர்வு முடிவு வரும் வாரம்

மே மாதத்தில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகள் வரும். பங்கில் வழக்கமாக முதல் மதிப்பெண் வாங்கியவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அன்று கோயிலுக்கே வராமல் வீட்டில் படுத்திருக்கும் பிள்ளை எத்தனை பேர் கண்ணில் படுகிறது? உங்கள் தெருவில் தோற்ற பிள்ளையின் வீட்டுக்கு முடிவு வந்த அன்றே போங்கள். அறிவுரை வேண்டாம், அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க் வேண்டாம். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதியை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். பிள்ளை ரொம்பவும் ஒடுங்கிப் போயிருந்தால், தனியாக விடாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். 104க்கோ, மனநல உதவிக்கான 14416க்கோ அழைத்தால் பேச ஆள் இருக்கிறார்கள்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க உதவுங்கள். தொழிற்கல்விப் படிப்புகளில் அதற்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இது தெரியாமலேயே வட்டிக்குக் கடன் வாங்கிய குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரிகள் மூடியிருப்பதால் ரத்த வங்கிகளில் கையிருப்பு குறையும் காலமும் இதுதான். 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாமல், உடல் நலத்தோடு இருப்பவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பெரிய முகாம் வேண்டாம், இளைஞர் குழுவில் நான்கு பேராக அரசு மருத்துவமனைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பட்டியலில் விடுபட்டது யார்

நான்கைந்து வாரம் ஆனதும் பங்கில் உங்களைப் போல இன்னும் சிலர் சேர்ந்திருப்பார்கள். அப்போது ஒரு மாலை உட்கார்ந்து திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். ஆதிச் சபை எல்லாவற்றையும் பொதுவாய் வைத்திருந்தது என்று அடிக்கடி பேசுகிறோம். அதே சபையில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் மட்டும் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்ததையும் லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். திருத்தூதர்கள் கோபப்படவில்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரை நியமித்தார்கள். ஸ்தேவான் அவர்களில் ஒருவர். ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர்களாகவே இருப்பதைக் கவனியுங்கள். யாருடைய குறையோ, அவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் பட்டியலை இப்படிப் பாருங்கள். நாம் தேர்ந்தெடுத்த வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன? எந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை? தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தில் சாதி இருக்கிறது. தேர்ப்பவனி திரும்பாத தெரு இருக்கிறது, சுவர் வைத்துப் பிரித்த கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இறந்தோரின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்லும் நாம், அந்த உயிர்ப்புக்குக் காத்திருக்கும் உடல்களைச் சாதி பார்த்துப் படுக்கவைக்கிறோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏழு வாரத்தில் இதைச் சரிசெய்துவிட முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தெரு வீட்டில் போய்ச் சாப்பிட முடியும். அவர்களை நம் வீட்டுக்கு அழைத்து, அதே தட்டு, அதே டம்ளரில் பரிமாற முடியும். அன்பியக் கூட்டத்தை அந்த வீட்டில் வைக்க முடியும். பங்குப் பேரவைக்கு அவர்கள் பெயரை முன்மொழிய முடியும். எதிர்ப்பு வரும். வந்தால் ஆறாம் அதிகாரத்தைக் காட்டுங்கள்.

துக்க வீடு

யாரோ ஒருவர் இல்லாத முதல் ஈஸ்டர் சில வீடுகளில் இருக்கும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில், இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் மூன்றிலும் குண்டு வெடித்தது. கொழும்பு ஹோட்டல்களையும் சேர்த்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு ஈஸ்டரும் நினைவு நாளும்கூட. நம் பங்கிலும் தவக்காலத்தில் மகனைப் புதைத்துவிட்டு அல்லேலூயாவுக்கு வாய் திறக்க முடியாமல் நின்ற தாய் இருப்பார். அவரிடம் ‘ஆண்டவர் சித்தம்’ என்று சொல்லாதீர்கள். கல்லறைக்குக் கூடப் போங்கள், புல் பிடுங்குங்கள், தண்ணீர் குடம் தூக்குங்கள். மகதலா மரியா கல்லறையருகே அழுதுகொண்டு நின்றபோது, ஆண்டவர் ஏன் அழுகிறாய் என்று கேட்டுவிட்டு, அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். நீங்களும் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அந்தப் பெயரை எல்லோரும் தவிர்ப்பதுதான் அந்தத் தாய்க்குப் பெரிய வேதனை.

கரித்தீயின் பக்கத்தில்

எல்லா நல்ல செயலையும் செய்துவிட்டு, தம்பியோடு பேசாமல் இருக்கிறோம். வரப்புத் தகராறு, அம்மாவின் நகை, கல்யாணத்தில் சரியாக அழைக்காதது.

யோவான் நற்செய்தியில் கரித்தீ இரண்டு இடத்தில்தான் வருகிறது. ஒன்று, தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த இடம். இன்னொன்று, உயிர்த்த ஆண்டவர் மீன் சுட்ட இடம். அதே கரி வாசனை பேதுருவுக்கு என்ன நினைவூட்டியிருக்கும்! ஆண்டவர் பழைய பேச்சை எடுக்கவில்லை. முதலில் சாப்பாடு போட்டார். சாப்பிட்ட பிறகு மூன்று முறை அன்பு செய்கிறாயா என்று கேட்டார், மூன்று முறையும் பொறுப்பைக் கொடுத்தார்.

விண்ணேற்றப் பெருவிழாவுக்குள், பேசாமல் இருக்கும் ஒருவருக்கு நீங்களே முதலில் போன் செய்யுங்கள். நியாயம் யார் பக்கம் என்பதைத் தொடாதீர்கள். ‘ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். வராவிட்டால் அடுத்த ஞாயிறும் கூப்பிடுங்கள். அடி, கொலை மிரட்டல், பெண்கள் மீதான வன்முறை நடந்த உறவுகளுக்கு இது பொருந்தாது. அங்கே பாதுகாப்பும் சட்டமும்தான் முதலில்.

கடைசி ஒன்பது நாள்

விண்ணேற்றத்தின் கணக்கு நாற்பதாம் நாள் வியாழன். நம் நாட்டில் பெரும்பாலும் அடுத்த ஞாயிறன்று கொண்டாடுகிறோம். அந்த வியாழனிலிருந்து தூய ஆவியாருக்காகச் சீடர்கள் காத்திருந்த ஒன்பது நாளில் ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதுங்கள். போன தேதிகள், கொடுத்தது, டப்பாவில் சேர்ந்தது, விண்ணப்பித்த உதவித்தொகையின் ஒப்புகை எண், மாத்திரையின் பெயர், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் எண். வீட்டாரின் கஷ்டத்தைக் கதையாக எழுத வேண்டாம்; அது வேறு யார் கையிலாவது சிக்கினால் அவமானம் அவர்களுக்குத்தான்.

பிறகு யோசியுங்கள். இன்னும் உங்களால் போக முடியுமா? முடியும் என்றால் வாரம் ஒன்று என்பதை மாதம் இரண்டு என்று ஆக்கிக்கொள்ளலாம். வேலை மாற்றம், பிள்ளைப்பேறு என்று முடியாமல் போனால் வின்சென்ட் சபையிலோ அன்பியத்திலோ இருவரைப் பிடித்து, கடைசி இரண்டு சந்திப்புகளுக்கு அவர்களையும் உடன் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவையுங்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் செய்யக்கூடாதது. அந்த வீட்டில் செவ்வாய் ஐந்தரைக்கு வாசலில் தண்ணீர் தெளித்து, நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பார்கள்.

நான் புடவை நீட்டிய அந்தப் பாட்டியின் வீட்டுக்கு இரண்டு வருடம் கழித்து, இந்த முறை மனைவியோடு போனேன். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. முதல் மூன்று வாரம் வாசலிலேயே உட்காரவைத்துப் பேசினார். நான்காவது வாரம் உள்ளே வரச் சொன்னார். தூய ஆவியார் பெருவிழா முடிந்து, திரியைப் பீடத்தருகிலிருந்து ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் மாற்றிவைத்த வாரமும் போனோம். ‘பண்டிகையெல்லாம் முடிஞ்சிருச்சே, இன்னுமா வர்றீங்க?’ என்று கேட்டுக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார்.